பின் ஆக்ஸில் போன பழைய ஜீப்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

ரங்கூன் பக்கம் ஓடும் பழைய ஜீப்பை, தகட்டில் 1944 என்று இருக்கிறது என்பதற்காக முழுக்க 1944 என்று நம்பிவிடக் கூடாது. சண்டை முடிந்தபோது நேச நாட்டுப் படைகள் விட்டுப்போன வில்லிஸ் எம்பியும் ஃபோர்டு ஜிபிடபிள்யூவும்தான் இங்கே மூலம். அதற்கப்புறம் எழுபது எண்பது வருஷமாக அவரவர் கையில் கிடைத்ததைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். முன் ஆக்ஸில் போர்க்காலத்தது, பின் ஆக்ஸில் போருக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று வந்த சிஜே ஜீப்புடையது, கியர்பாக்ஸ் ஜப்பான், எஞ்சின் டீசல் என்று ஒரு வண்டி பட்டறைக்குள் வந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அதனால் பின் ஆக்ஸில் கோளாறு என்றால், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து, இருப்பது எது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. புத்தகத்தில் இருப்பது சரியாகத்தான் இருக்கும். அது உங்கள் வண்டியைப் பற்றி எழுதியதாக இருக்காது, அவ்வளவுதான்.

கீழே இடது, வலது என்று சொல்வதெல்லாம் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது. ஜீப்பின் ஸ்டியரிங் இடது பக்கம். 1970 டிசம்பரில் நாடு வலப்பக்க ஓட்டத்துக்கு மாறிய பிறகு, இந்த ஊர் ரோட்டுக்குப் பொருத்தமான பக்கத்தில் ஸ்டியரிங் உள்ள சில வண்டிகளில் பழைய ஜீப்பும் ஒன்றாகிவிட்டது.

இருப்பது எந்த ஆக்ஸில்?

பின் வீலின் நடுவைப் பாருங்கள். தட்டையான ஒரு ஃபிளாஞ்ச், அதைச் சுற்றி ஆறு போல்ட், நடுவில் பெரிய நட்டு எதுவும் இல்லை என்றால் அது போர்க்கால வண்டியின் ஸ்பைசர் 23 ஆக்ஸில். வண்டியின் பாரம் முழுவதையும் ஆக்ஸில் குழாயும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஹப் பியரிங்கும் தாங்குகின்றன. உள்ளே போகும் ஷாஃப்டுக்கு வீலைச் சுழற்றுவது மட்டுமே வேலை. ஷாஃப்டை உருவி எடுத்தாலும் வீல் விழாது. இதை முழு மிதவை என்று வைத்துக்கொள்வோம்.

நடுவில் ஒரு தொப்பி, அதைக் கழற்றினால் உள்ளே காட்டர் பின் போட்ட பெரிய காஸில் நட்டு என்றால் அது சிஜே வகையின் அரை மிதவை ஆக்ஸில். ஷாஃப்டின் முனை கூம்பாக இருக்கும், ஹப் அதன்மேல் சாவியோடு (வழுக்காமல் பிடிக்கும் சின்ன இரும்புக் கட்டை) ஏறி உட்காரும். இங்கே பாரத்தையும் ஷாஃப்டுதான் தாங்குகிறது. ஹப்புக்குப் பக்கத்தில் ஷாஃப்ட் முறிந்தால் வீல், டிரம் எல்லாம் சேர்ந்து வெளியே வந்துவிடும். முதல் வகையில் ஷாஃப்ட் முறிந்தால் வண்டி நிற்கும். இரண்டாம் வகையில் முறிந்தால் வண்டி சாயும். இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சிஜே 2ஏ வண்டிகளில் தொடக்கத்தில் வந்த சிலவற்றில் முழு மிதவையே இருந்தது. ஆகவே வண்டியின் பெயரை வைத்து முடிவு கட்டாமல் வீலின் நடுவை வைத்து முடிவு கட்டுங்கள்.

அடுத்தது பல் விகிதம். எம்பி வண்டியில் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனுக்கு 39 பல், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கு 8 பல், அதாவது 4.88. சிஜே வண்டிகளில் பெரும்பாலும் 43க்கு 8, அதாவது 5.38. திறந்து எண்ண வேண்டியதில்லை. முன் வீல்களுக்குக் கட்டை வைத்து, பின் வீல் இரண்டையும் ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். டயரிலும், ஆக்ஸிலுக்கு விசை கொண்டுவரும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. இரண்டு வீலையும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் ஒரு முழுச் சுற்று சுற்றினால், ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 4.88, ஐந்தேகாலைத் தாண்டினால் 5.38. முன் ஆக்ஸிலுக்கும் இதையே செய்து இரண்டையும் எழுதி வையுங்கள். கீழே ஓர் இடத்தில் தேவைப்படும்.

எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி நகரவில்லை

அதிகம் வருவது இதுதான். பெரும்பாலும் ஒரு சத்தத்தோடு தொடங்கும்: ஏற்றத்தில் கிளட்சை விடும்போது அடியிலிருந்து "டக்" என்று ஒன்று, அப்புறம் எஞ்சின் மட்டும் உறுமும்.

முதலில் கவனிக்க வேண்டியது பழுதை அல்ல, வண்டி உருளாமல் இருப்பதை. இந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் வீலில் இல்லை. முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. பின் ஆக்ஸிலில் ஒரு பக்க ஷாஃப்ட் முறிந்தாலே, இரண்டு வீலுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் அந்தப் பக்கம் சும்மா சுற்றும், ஹேண்ட் பிரேக் எதையும் பிடிக்காது. கியரில் போட்டு நிறுத்தினாலும் அதே கதைதான். எனவே இறங்கும்போதே வீலுக்குக் கல் வையுங்கள். ஒரு உபாயம் உண்டு: முன் டிரைவைப் போட்டுவிட்டால் அதே ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸ் வழியாக முன் வீல்களைப் பிடிக்கும். அப்படியே இருந்தாலும் கல்லை எடுக்க வேண்டாம்.

இனி எங்கே முறிந்தது என்று பார்ப்போம். முன் டிரைவை எடுத்துவிட்டு, முதல் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பாருங்கள். அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. வண்டி நின்றுகொண்டிருக்க, முள் எழுந்து ஆடினால் கிளட்ச், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றும் நல்லபடியாக இருக்கின்றன. கோளாறு அதற்குப் பின்னால். முள் அசையாவிட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை, கிளட்சிலிருந்து தொடங்குங்கள்.

முள் ஆடினால், வேறொருவரைப் பக்கவாட்டில் தள்ளி நிற்க வைத்துப் பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் அடியில் போகக் கூடாது. முன் முனை சுற்றிப் பின் முனை சுற்றாவிட்டால் கிராஸ் (ஷாஃப்டின் முனையில் உள்ள மூட்டு) போயிருக்கிறது. அது சின்ன வேலை. ஷாஃப்ட் முழுதும் சுற்றியும் வீல் சுற்றாவிட்டால், முறிந்தது ஆக்ஸில் ஷாஃப்ட், அல்லது உள்ளே பினியன், கிரவுன் பல்.

இந்த இரண்டில் எது? எஞ்சினை நிறுத்தி, பின் வீல் இரண்டையும் தூக்கி, வண்டியைக் கியரில் போட்டுப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வீலை முன்னோக்கிச் சுற்றினால் மற்றது பின்னோக்கிச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றினால் இரண்டு ஷாஃப்டும் முழுசாக இருக்கின்றன, கோளாறு கிரவுன், பினியன் பக்கம். ஒன்று சுற்றி மற்றது சும்மா நின்றால் ஏதோ ஒரு ஷாஃப்ட் முறிந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்று வெளியிலிருந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முழு மிதவையில் ஆறு போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பது அதைவிடச் சீக்கிரம்.

வழியில் நின்றுபோனால்

இந்த வண்டியின் பெரிய நன்மை, பின் ஆக்ஸில் போனாலும் முன் ஆக்ஸிலால் வீடு வந்து சேரலாம் என்பது. முன் டிரைவைப் போடுங்கள், உயர் கியர் வரிசையிலேயே வையுங்கள். தாழ்ந்த வரிசையைப் போட வேண்டாம். முழு எஞ்சின் விசையும் முன் ஆக்ஸில் ஒன்றின்மேல் விழும், அதன் மூட்டுகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வளைவில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிக்கொண்டு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதீர்கள்.

ஆனால் புறப்படுவதற்கு முன்னால் முறிந்த ஷாஃப்டின் வெளித்துண்டை உருவி எடுத்துவிட வேண்டும். உள்ளே விட்டு ஓட்டினால் முறிந்த முனை குழாயைச் சுரண்டும், இரும்புத் துகள் டிஃபரன்ஷியலுக்குள் போகும். கையில் ஸ்பேனர் இருந்தால் பின் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. உள்ளே கிடக்கும் துண்டு கிரவுன் பல்லுக்குள் மாட்ட வாய்ப்பே இல்லாமல் போகும். ஹப்பின் திறந்த வாயைப் பிளாஸ்டிக் ஷீட் வைத்து மூடி, டியூப் ரப்பரால் இறுகக் கட்டுங்கள். மழைக்காலத்தில் பெகு ரோட்டுச் சேறு அந்த ஓட்டை வழியாக உள்ளே போனால் ஷாஃப்டோடு இரண்டு பியரிங்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் முழு மிதவைக்கு மட்டும். அரை மிதவையில் ஷாஃப்ட் முறிந்திருந்தால் ஓட்டவும் கூடாது, சாதாரணமாகக் கட்டி இழுக்கவும் கூடாது. பின்பக்கத்தைத் தூக்கி இழுங்கள், அல்லது லாரியில் ஏற்றுங்கள்.

துண்டை வெளியே எடுப்பது

பட்டறைக்கு வந்தாயிற்று. ஆறு போல்ட்டையும் எடுத்து, ஃபிளாஞ்சின் விளிம்பில் மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் பேக்கிங் விட்டுவரும். ஃபிளாஞ்சுக்கும் ஹப்புக்கும் நடுவில் உளியை வைத்து அடிக்காதீர்கள். அந்த முகத்தில் விழும் ஒரு கீறல் போதும், எத்தனை புதுப் பேக்கிங் வைத்தாலும் கிரீஸ் கசிந்துகொண்டே இருக்கும்.

ஷாஃப்ட் முழு நீளத்தோடு வந்தால் அந்தப் பக்கம் நல்லது. குட்டையாக வந்தால் மிச்சம் உள்ளே. டிஃபரன்ஷியல் வலது பக்கம் தள்ளி இருப்பதால் வலது ஷாஃப்ட் குட்டை, இடது நீளம். இது தெரியாமல் வலது பக்கத்து நல்ல ஷாஃப்டை முறிந்தது என்று நினைத்துத் தேடுகிறவர்கள் உண்டு. முனையில் பல் வரிசை இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் கணக்கு.

முறிவு பெரும்பாலும் உள்முனையில், பல் வரிசை தொடங்கும் இடத்தில். எனவே கையளவு துண்டு ஒன்று டிஃபரன்ஷியலின் பக்கப் பல்சக்கரத்துக்குள் செருகியபடி நிற்கும். எதிர்ப்பக்க ஷாஃப்டை உருவிவிட்டு நீளக் கம்பியால் குத்தித் தள்ளலாம் என்று தோன்றும். நடுவில் குறுக்குப் பின் நிற்கிறது, கம்பி அதில்தான் முட்டும். முதலில் கம்பி முனையில் காந்தம் கட்டிக் குழாய் வழியாக விட்டுப் பாருங்கள், சில சமயம் வந்துவிடும். வராவிட்டால் எண்ணெயை வடித்து, பின்னால் உள்ள தகட்டு மூடியின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். இந்த ஆக்ஸிலில் அந்த வசதி இருக்கிறது. மூடியைத் திறந்து புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றினால், டிஃபரன்ஷியல் கூண்டின் ஜன்னல் உங்களை நோக்கி வரும். குறுக்குப் பின்னுக்கும் துண்டின் முனைக்கும் நடுவில் வளைத்த ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் துண்டு குழாய்ப் பக்கம் நகரும். பிறகு காந்தத்துக்கு வேலை.

மூடியைத் திறந்த பின் துண்டு வந்துவிட்டது என்று உடனே மூடிவிடக் கூடாது. அடியில் தேங்கிய எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மாவு மாதிரி மினுமினுப்பது சாதாரணத் தேய்மானம். நகத்தால் பிடிக்கக்கூடிய சில்லு இருந்தால் அது எங்கிருந்து உடைந்தது என்று தெரியும்வரை மூடிக்கு வேலையில்லை. கிரவுனை ஒரு முழுச் சுற்று சுற்றி ஒவ்வொரு பல்லின் இரண்டு முகத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

முறிந்த முகம் என்ன சொல்கிறது?

புது ஷாஃப்ட் வாங்க ஓடுவதற்கு முன்னால் முறிந்த இரண்டு முகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடியுங்கள். காரணம் அங்கே எழுதியிருக்கிறது.

முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, அரை வட்டக் கோடுகளோடு, பழைய கறுப்போ துருவோ ஏறியிருந்து, மிச்சம் மட்டும் சொரசொரப்பாகப் புதுசாக மின்னினால் அது களைப்பு முறிவு. விரிசல் பல மாதமாக உள்ளே ஊர்ந்துகொண்டிருந்தது, கடைசியில் மிச்சம் இருந்த இரும்பு தாங்கவில்லை. அன்றைக்கு ஏறிய ஏற்றத்தையோ ஓட்டிய பையனையோ திட்டிப் பயனில்லை. விரிசல் தொடங்கிய புள்ளியைத் தேடுங்கள்: பல்லின் அடியில் கூர்மையான மூலை, துருக் குழி, லேத்தில் விழுந்த கீறல், ஏதோ ஒன்று இருக்கும்.

முகம் முழுதும் புதுசாக இருந்து, பல் வரிசை கயிறு மாதிரி முறுக்கேறியிருந்தால் அது ஒரே அடியில் வந்தது. சேற்றில் சுழன்ற வீல் திடீரென்று கெட்டித் தரையைப் பிடித்திருக்கும், அல்லது கிளட்சைப் படாரென்று விட்டிருப்பார்கள். அப்படியானால் எதிர்ப்பக்க ஷாஃப்டும் அதே அடியை வாங்கியிருக்கிறது. அதன் பல் வரிசையோரம் நேர்க்கோல் ஒன்றை வைத்துப் பாருங்கள். பல் கோலை விட்டு விலகினால் அதையும் மாற்றுங்கள்.

முழு மிதவையில் களைப்பு முறிவு வந்தால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். பாரம் தாங்காத ஷாஃப்ட் ஏன் களைத்தது? இரண்டு காரணம் சாதாரணம். ஹப் பியரிங் தளர்ந்து வீல் ஆடி, ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டை வளைத்திருக்கும். அல்லது ஆக்ஸில் குழாயே வளைந்திருக்கும். மலைப் பக்கம் மூட்டை ஏற்றி ஓடிய வண்டிகளில் குழாய் வளைவது புதுமையல்ல. பின் வீல் இரண்டின் ரிம்முக்கும் நடுவே உள்ள தூரத்தை ஆக்ஸில் உயரத்தில் முன்னாலும் பின்னாலும் அளந்து பாருங்கள். அப்புறம் நிலைக்குத்தாக நூல்குண்டு விட்டு ஒவ்வொரு ரிம்மின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். ரிம் நெளிந்திருந்தால் அளவு ஏமாற்றும், எனவே வீலை அரைச் சுற்று சுற்றி இன்னொரு தடவை அளக்க வேண்டும். வித்தியாசம் வீலோடு சேர்ந்து சுற்றினால் ரிம், அதே இடத்தில் நின்றால் குழாய். வளைந்த குழாய்க்குள் எந்த ஷாஃப்டைப் போட்டாலும் அதுவும் முறியும்.

புது ஷாஃப்ட்

2011இல் பழைய வண்டியை ஒப்படைத்தால் வேறு வண்டி இறக்குமதி செய்ய அனுமதி என்று திட்டம் வந்தபோது, ஏகப்பட்ட பழைய வண்டிகள் இரும்புக்குப் போய்விட்டன. அதோடு அவற்றின் ஆக்ஸில்களும் போயின. முன்பெல்லாம் ஒரு வண்டியை அறுத்து இன்னொரு வண்டியை ஓட்டலாம், இப்போது அறுக்க வண்டி குறைவு. ஆகவே லேத்தில்தான் போய் நிற்கிறோம்.

முறிந்ததை வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். வெல்டு பிடிக்கும், ஆனால் அதன் பக்கத்து இரும்பு சூட்டில் தன் பதத்தை இழந்து மொறுமொறுப்பாகிவிடும், அடுத்த முறிவு அங்கே. புதுசாகக் கடைவதானால் மூன்று விஷயம் பேசி முடிவு செய்யுங்கள். இரும்பு சாதாரணக் கட்டுமானக் கம்பியாக இருக்கக் கூடாது, 4140 அல்லது 4340 போன்ற அலாய் ஸ்டீல் வேண்டும். கடைந்த பிறகு பதமேற்ற வேண்டும், வெறுமனே கடைந்து கொடுத்தால் பல் முறுக்கிக்கொள்ளும். பல்லின் அடியும் ஃபிளாஞ்ச் சேரும் மூலையும் உருண்டையாக இருக்க வேண்டும், கத்தி மாதிரி கூர்மையாக அல்ல. பழைய லாரி ஆக்ஸிலைக் கடைந்து எடுப்பதும் நல்ல வழிதான். மேல்தோல் மட்டும் கெட்டியாக்கிய ஷாஃப்டாக இருந்தால், அந்தத் தோலைக் கடைந்து எறிந்துவிட்டு மிருதுவான உள்ளிரும்பை மாட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. மறுபடி பதமேற்றச் சொல்லுங்கள்.

அளவுக்கு நல்ல பக்கத்து ஷாஃப்டைக் கொடுக்க முடியாது, நீளம் வேறு. முறிந்த இரண்டு துண்டையும் சேர்த்துக் கட்டி எடுத்துப் போங்கள். ஒரு பொடித் துண்டுகூட விடக் கூடாது.

வீல் ஆடுகிறது, கிளம்பும்போது "டொக்"

வீலைக் கழற்றப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இடது பக்கத்து வீல் ஸ்டட் எல்லாம் இடது மரை. மற்ற நட்டுகளைக் கழற்றும் திசையில் சுற்றினால் இறுகும். நீளக் குழாய் போட்டுத் தொங்கி ஸ்டட்டை முறித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் யாராவது ஸ்டட்டை மாற்றியிருக்கவும் கூடும், மரையைக் கண்ணால் பார்த்துவிட்டு ஸ்பேனரை வையுங்கள்.

வீலைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். முழு மிதவையில் ஆட்டம் இருந்தால் ஹப் பியரிங். ஷாஃப்டை உருவி, பூட்டுத் தகட்டை நிமிர்த்தி, வெளி நட்டை எடுத்து, உள் நட்டை வீல் பிடிக்கும்வரை வீலைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, ஆறில் ஒரு பங்குச் சுற்று தளர்த்துங்கள். பூட்டுத் தகடு, வெளி நட்டு, மறுபடி தகட்டை மடக்குவது. இறுக்கியும் கரகரத்தால் பியரிங் மாற்ற வேண்டும். டிம்கென் 18590 கூம்பு, 18520 கப். நாலு வீலுக்கும், உள்ளேயும் வெளியேயும் இதே எண்தான். போர்க்காலத்தில் இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

அரை மிதவையில் கதை வேறு. காஸில் நட்டு கொஞ்சம் தளர்ந்தாலே ஹப் கூம்பின்மேல் அசையத் தொடங்கும். முன்னும் பின்னும் போகும்போது "டொக்" என்று கேட்கும். நாளாவட்டத்தில் சாவி நறுக்குப்பட்டு, வீல் நிற்க ஷாஃப்ட் மட்டும் சுற்றும். ஆக்ஸில் முறிந்த மாதிரியே இருக்கும். தொப்பியைக் கழற்றி, ஒருவரை மெதுவாகக் கிளட்ச் விடச் சொல்லிப் பார்த்தால் நட்டு சுற்ற ஹப் நிற்பது கண்ணுக்கே தெரியும். இது தெரியாமல் டிஃபரன்ஷியலை இறக்கிவிட்டுத் தேடுவார்கள்.

கழற்றுவதற்கு ஹப் புல்லர் கட்டாயம் வேண்டும். டிரம்மைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுவது டிரம்மையும் உள்ளே பியரிங்கையும் கெடுக்கும். நட்டை முழுசாக எடுத்துவிடாமல் சில மரையில் விட்டுவைத்து இழுங்கள். இறுகிய கூம்பு விடும்போது துப்பாக்கி மாதிரி வெடித்து வரும், எதிரில் நிற்காதீர்கள். மாட்டும்போது கூம்பைத் துடைத்து உலர வையுங்கள், கிரீஸ் தடவ வேண்டாம். நட்டை 150 அடி-பவுண்டு அளவுக்கு இறுக்கி, காட்டர் பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் இறுக்கிச் சேருங்கள். ஒருபோதும் தளர்த்திச் சேர்க்காதீர்கள். கூம்பில் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சாவி போட்டும் நிற்காது, ஷாஃப்டும் ஹப்பும் மாற்ற வேண்டியதுதான்.

முன் டிரைவ் போட்டால் வண்டி இறுகுகிறது, லீவர் வெளியே வர மறுக்கிறது

தார் ரோட்டில் முன் டிரைவ் போட்டு வளைவு எடுத்தால் எந்த நல்ல ஜீப்பும் கொஞ்சம் இறுகும். நேர் ரோட்டிலேயே, சில நூறு கஜத்துக்குள் இறுகி, பின்னோக்கி ஓட்டினால்தான் விடுகிறது என்றால், மேலே எழுதி வைத்த இரண்டு எண்ணையும் எடுத்துப் பாருங்கள். முன்னால் 4.88, பின்னால் 5.38 என்று இருந்தால் இரண்டு ஆக்ஸிலும் எப்போதும் சண்டைதான். முன் டிரைவை அரிதாகவே போடுவதால் சொந்தக்காரருக்குத் தெரிவதே இல்லை. யாரோ ஒரு காலத்தில் பின் ஆக்ஸிலை மட்டும் மாற்றியிருப்பார்கள். இப்படிப்பட்ட வண்டியில் ஷாஃப்ட் அடிக்கடி முறிகிறது என்றால் லேத்காரரைக் குறை சொல்ல வேண்டாம். கிரவுன், பினியன் ஜோடியை மாற்றி இரண்டையும் ஒன்றாக்குங்கள், அதுவரை சேற்றில் தவிர முன் டிரைவைத் தொடாதீர்கள். எண்கள் ஒன்றாக இருந்தும் இறுகினால் டயர் அளவு பாருங்கள். முன்னால் மொட்டை டயர், பின்னால் புது டயர் போட்டிருப்பார்கள்.

சத்தங்கள்

ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் கிரவுன், பினியன் பல் சரியாகத் தொடவில்லை. விடும்போது மட்டும் ஊளையிட்டால் பினியன் பியரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். எப்போதும் உறுமுகிறது, வண்டியை இடம் வலமாக ஒடிக்கும்போது கூடிக் குறைகிறது என்றால் ஹப் பியரிங்.

மெதுவாகத் தள்ளும்போது "டிக்" என்று கேட்டால் எண்ணுங்கள். வீல் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை என்றால் கிரவுனில் ஒரு பல் போயிருக்கிறது, அல்லது டயரில் கல் மாட்டியிருக்கிறது. கல்லை முதலில் பாருங்கள். வீல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து தடவை என்றால் பினியன் பல் அல்லது கிராஸ்.

டிஃபரன்ஷியலா ஹப்பா என்று தீர்க்க முடியாவிட்டால் முழு மிதவையில் ஒரு வழி உண்டு. பின் ஷாஃப்ட் இரண்டையும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் எடுத்துவிட்டு முன் டிரைவில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பின்னால் இப்போது ஹப் பியரிங் மட்டும்தான் சுற்றுகிறது. சத்தம் தொடர்ந்தால் அது டிஃபரன்ஷியலில் இல்லை.

டிஃபரன்ஷியல்தான் என்று முடிவானால் பல்லாடலை (பினியன் பல்லுக்கும் கிரவுன் பல்லுக்கும் நடுவில் உள்ள ஆட்டத்தை) டயல் கேஜில் பாருங்கள்: 0.005 முதல் 0.007 அங்குலம். பல்லில் செந்தூள் வண்ணத்தை எண்ணெயில் குழைத்துத் தடவி, கிரவுனைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு சுற்றினால் தொடும் தடம் தெரியும். தடம் பல்லின் உச்சியில் விழுந்தால் பினியனைக் கிரவுன் பக்கம் நகர்த்த வேண்டும், அடியில் விழுந்தால் விலக்க வேண்டும். பல்லின் உள்முனையில் விழுந்தால் பல்லாடலைக் கூட்டுங்கள், வெளிமுனையில் விழுந்தால் குறையுங்கள். எல்லாம் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வேலை, பொறுமை வேலை. பழைய ஷிம்களை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தீர்கள் என்று கட்டி வைக்கவில்லை என்றால் ஒரு நாள் போய்விடும். ஆடித் தேய்ந்த பழைய ஜோடியின் ஊளையை ஷிம் போட்டு முழுசாக நிறுத்த முடியாது, தொடும் இடம் மாறினால் பல் புது இடத்தில் ஊளையிடும். ஊளை மட்டும்தான், சில்லு இல்லை, சூடு இல்லை என்றால் அப்படியே ஓட்டுங்கள் என்பதுதான் என் யோசனை.

எண்ணெய் வெள்ளையாகிவிட்டது, பிரேக் நனைகிறது

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் ஜீப்புகள் வரிசையாக வரும். நாள் முழுக்கத் தண்ணீரில் நனைந்து, ஆளேற்றி, ஓடிச் சூடான ஆக்ஸில்மேல் குளிர்ந்த நீர் விழுந்தால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். வடித்துப் பார்த்தால் மோர் நிறம். தாமதிக்காமல் வடித்து, மெல்லிய எண்ணெய் ஊற்றி வீலைச் சுற்றிக் கழுவி, மறுபடி வடித்து நிரப்புங்கள். ஹப்பிலும் கிரீஸ் வெளுத்திருக்கும், அதையும் திறக்க வேண்டும். திருவிழாவுக்கு முன்னாலேயே எண்ணெய் மாற்ற வருகிறவர்கள் உண்டு. "சயா (ஐயா), இப்போ வேண்டாம், முடிந்த பிறகு வாங்க" என்று திருப்பி அனுப்புவோம்.

எண்ணெய் ஈபி 90 வகை, அல்லது 80டபிள்யூ-90. இது ஹைபாய்டு பல், எஞ்சின் எண்ணெய் ஊற்றினால் பல் முகம் பிய்ந்துவிடும். அளவு ஏறக்குறைய 1.2 லிட்டர், நிரப்பும் துளையின் கீழ் விளிம்புவரை. அதற்கு மேல் ஊற்றினால் சூட்டில் விரிந்து சீலைத் தாண்டி பிரேக் ஷூவில் இறங்கும். ஷூ நனைந்திருந்தால் சீலை மாற்றுவதற்கு முன்னால் எண்ணெய் மட்டத்தையும், மூச்சுத் துளை இருந்தால் அது மண்ணால் அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். எண்ணெய் நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது.

மூடி ஓட்டிப் பார்ப்பது

ஃபிளாஞ்சுக்குப் புதுக் காகிதப் பேக்கிங், ஆறு போல்ட்டுக்கும் நல்ல ஸ்பிரிங் வாஷர், எதிரெதிராக இறுக்குங்கள். போல்ட் தளர்ந்து ஓடினால் துளை நீள்வட்டமாகி, ஒவ்வொரு கியருக்கும் "டக்" என்று கேட்கும். முதல் ஓட்டம் சிரியம் பாலம் போய்த் திரும்பும் தூரம் போதும். திரும்பி வந்ததும் ஆறு போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள், அப்புறம் இரண்டு பின் ஹப்பிலும் கை வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், பிரேக் ஷூ உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். உரசவில்லை என்றால் உள் நட்டு அதிகம் இறுகியிருக்கிறது, ஷாஃப்டை உருவி இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள்.